கணிப்புத் தொண்டரும் தவணையும் புள்ளியும்

ஒருவர் தனித்து முடிக்கவியலாத பெருங் கணிப்பைப் பலர் பகிர்ந்து செய்து முடித்தல் கணனி தோன்றிய பின் எழுந்த வழக்கமன்று. ஹலியின் வால்வெள்ளி மீண்டும் எப்போது ஞாயிற்றை அண்மும் என்பதைக் கணித்தற்கு 1757ஆம் ஆண்டிற் பாரிஸ் நகரிலே மூவர் அமர்ந்தனர். கிளேரோ, லலாண்ட், நிக்கோல் ரேன் லெப்போத் அம்மையார் என்போர் அம் மூவராவர். வியாழன், சனி ஆகிய பெருங்கோள்களின் ஈர்ப்பினால் வால்வெள்ளி எவ்வளவு தாமதிக்கும் என்பதைப் பல மாதங்களாக அவர்கள் கையாற் கணித்தனர். அவர்களுக்குத் தவணை விதித்த அதிகாரி எவருமிலர். வால்வெள்ளியே தவணை விதித்தது. அது வானிற் தோன்றிய பின் வெளியிடும் முன்னறிவிப்பு முன்னறிவிப்பாகாதன்றோ! 1758 நவம்பரிற் கிளேரோ முடிவை வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பர் 25ஆம் நாள் சாக்சனி நாட்டு உழவர் ஒருவர் வால்வெள்ளியைக் கண்டார். ஏப்ரில் நடுப்பகுதி, ஒரு மாதம் முன்பின்னாகலாம் என்பது கிளேரோ கூறிய நாள். 1759 மார்ச் 13ஆம் நாள் அது ஞாயிற்றை அண்மியது. தவணை தப்பவில்லை. ஆயின், உழைப்புக்குரிய பெயர் தப்பிற்று. கிளேரோ பின்னர் வெளியிட்ட நூலில் லெப்போத் அம்மையாரின் பங்கு பற்றிய குறிப்பு இடம்பெறவில்லை. அவர் செய்த பணியைப் பிற்காலத்தில் எடுத்துரைத்தவர் லலாண்டே ஆவர்.

பகிர்ந்தளித்த கணிப்பு எதுவாயினும் அதிலே இவ்விரு வினாக்களும் எழாமற் போவதில்லை. கொடுத்த பங்கு எப்போது திரும்பி வரும் என்பது ஒன்று. வந்த பங்கு எவர் பெயரில் எழுதப்படும் என்பது மற்றொன்று. கூலிக்கு உழைப்பவனிடத்து இவை எளிதிற் தீரும். கூலியின்றி, தன் வீட்டு மின்சாரத்தையும் தன் கணனியையும் கொடுத்து உதவுபவனிடத்து இவை எளிதிற் தீர்வதில்லை. தொண்டனுக்குத் தவணை விதிக்கும் உரிமை யாது? தவணை கடந்து, ஆயினும் சரியான விடையோடு வந்த தொண்டனுக்குக் கடன்பட்டிருப்பது யாது? கடந்த முப்பது ஆண்டுகளில் வளர்ந்த தொண்டர் கணிப்பின் வரலாறு பெரும்பாலும் இவ்வினாக்களுக்கு விடைதேடிய வரலாறேயாகும்.

வீட்டுக் கணனி நாளின் பெரும்பகுதியும் வேலையின்றிக் கிடப்பது. இணையம் பரவிய 1990களில், அவ்வாறு வீணாகும் ஆற்றலை ஒன்று திரட்டலாம் என்ற எண்ணம் பலர்க்கும் தோன்றிற்று. 1996 ஜனவரியில் ஜோர்ஜ் வோல்ற்மன் என்னும் அமெரிக்கர் மேர்சென் முதன்மை எண்களைத் தேடும் பணியைத் தொடக்கினார். கிம்ப்ஸ் எனச் சுருக்கி வழங்கப்படுவது அதுவே. இரண்டைத் தன்னாற் பலமுறை பெருக்கி வந்த தொகையில் ஒன்றைக் கழித்துப் பெறுவது மேர்சென் எண். எத்தனை இரண்டுகள் என்பதைக் காட்டுவது சுட்டி. சுட்டிகளை வோல்ற்மன் தொடக்கத்தில் மின்னஞ்சல் வழியாகத் தாமே பங்கிட்டுக் கொடுத்தார். 1997இல் ஸ்கொட் குரோஸ்கி அமைத்த பிரைம்நெற் என்னும் சேவையகம் அப்பணியைத் தானே செய்யலாயிற்று.

சுட்டியொன்றைச் சோதித்தற்கு அக்காலக் கணனிக்கு வாரக்கணக்கும் சிலவேளை மாதக்கணக்கும் சென்றன. ஒருவர் பெயரிற் பதிந்த சுட்டியை மற்றவர் தொடலாகாது. தொட்டால் ஒரே வேலை இருமுறை நடந்து உழைப்பு வீணாகும். எனினும் பதிந்தவர் கணனியை விற்றுவிடலாம், ஆர்வங் குன்றி விட்டுவிடலாம், இறந்தும் போகலாம். அச்சுட்டி அவர் பெயரிலேயே கிடந்தால், இன்ன எண்ணுக்குட்பட்ட சுட்டிகள் யாவும் சோதிக்கப்பட்டன என்று ஒருநாளும் கூறமுடியாது. ஆதலின் நெடுங்காலம் செய்தி வராத சுட்டியை மீட்டு இன்னொருவருக்குக் கொடுக்கும் வழக்கம் உண்டாயிற்று. தொண்டர் கணிப்பிலே தவணை தோன்றிய காரணம் இதுவே. அது தண்டனையாகத் தோன்றியதன்று; மறந்தவனை மறக்காதிருத்தல் எவ்வளவு காலத்துக்கு இயலும் என்ற கேள்விக்கு விடையாகத் தோன்றியது.

ஆனால், மெதுவாக வேலைசெய்யும் பழைய கணனியை உடையவன் மறந்தவனல்லன். அவன் நாடோறும் சிறிது சிறிதாக முன்னேறிக் கொண்டிருப்பான். ஏனையோர் ஓர் எல்லையை அடையும் மகிழ்ச்சிக்காகக் காத்திருக்க, அவனுடைய ஒரு சுட்டி மட்டும் எஞ்சி நிற்கும். பொறுமையிழந்த சிலர் அச்சுட்டியைத் தமக்கு ஒதுக்கப்படாமலே சோதித்து விடையை அனுப்பிவிடுவர். பிறர் காட்டிற் களவாக வேட்டையாடுதலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லையே கிம்ப்ஸ் தொண்டர் இதற்கு இட்டு வழங்கினர். மாதக்கணக்காக உழைத்தவன் தன் விடையைக் கொண்டுவரும்போது வேலை ஏலவே முடிந்திருக்கும். இதனாற் பல கசப்புக்கள் விளைந்தன. 2014ஆம் ஆண்டில் ஒதுக்கீட்டு விதிகள் மாற்றப்பட்டன. விரைவில் முடியவேண்டிய சிறு சுட்டிகள், முன்னர் ஒழுங்காக வேலை முடித்துக் காட்டிய விரைவான கணனிகளுக்கே கொடுக்கப்பட்டன. அவற்றுக்குத் தவணையுங் குறுகியது. மெதுவான கணனிகளுக்கு, எவரும் அவசரப்படாத பெரிய சுட்டிகளும் நீண்ட தவணையும் கிடைத்தன. களவேட்டைக்காரனைத் திட்டித் திருத்துவதினும் இது நல்ல வழி என்பதில் ஐயமில்லை.

இதற்கு முற்றிலும் வேறான வழியிற் சென்றது செற்றி அற் ஹோம் என்னும் திட்டம். 1999 மே 17ஆம் நாள் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் பேர்க்கிளி வளாகத்தில் அது தொடங்கிற்று. புவேட்டோ றிக்கோத் தீவிலிருந்த அரெசிபோ வானொலித் தொலைநோக்கி திரட்டிய பதிவுகளில் வேற்றுலக அறிவுயிர்களின் குறி ஏதேனும் உண்டோ என ஆராய்வது அதன் நோக்கம். தொலைநோக்கியின் பதிவு நாடாக்கள் அஞ்சலிற் பேர்க்கிளிக்கு வரும். பதிவு 256 அலைவரிசைக் கீற்றுக்களாகப் பிரிக்கப்படும்; ஒரு கீற்றில் 107 செக்கன் நேரப் பதிவு ஒரு வேலைக்கூறாகித் தொண்டர் ஒருவரிடம் செல்லும். 2002 யூலை அளவில் ஏறத்தாழ 39 இலட்சம் பேர் அதிற் பங்குபற்றினர். இத்துணைப் பேர் வருவரென அமைப்பாளர் எதிர்பார்த்திலர்.

அத்திட்டத்தில் தொண்டனுக்கு எனத் தவணை இருக்கவில்லை. டேவிட் அன்டர்சன் முதலிய அமைப்பாளர் 2002இல் எழுதிய கட்டுரையில் அவர்கள் கைக்கொண்ட முறை விளக்கப்பட்டுள்ளது. ஒரு கூறுக்கு வேண்டிய தொகை விடைகள் வந்தபின்னரே அதனை அழிப்பது என்பது முதற் கொள்கை. வராத விடைக்காகக் காத்திருந்த கூறுகளால் வட்டு நிறைந்தது. புதிய கூறுகளை ஆக்கவியலாமல் வேலை தடைப்பட்டது. பின்னர், வேண்டிய தொகையிலும் சிறிது மிகுதியான முறை ஒரு கூறை அனுப்பிவிட்டு, விடை வந்ததோ இல்லையோ என்று பாராமல் அழித்துவிடும் கொள்கையை மேற்கொண்டனர். சில கூறுகள் விடையின்றியே மறைந்தன. அனுப்பும் தொகையைக் கூட்டினால் அவ்விழப்புக் குறையும். தொண்டர் மிக்கும் வேலை குறைந்தும் இருந்த இடத்தில் இக்கொள்கை பொருந்திற்று. தவணையில்லாத தாராளம் போலத் தோன்றும் இது, உண்மையில் தொண்டனுடைய உழைப்பை மலிவாக மதித்த தாராளமேயாகும்.

புள்ளியும் அங்கு மிக எளிதாய் இருந்தது. முடித்த கூறு ஒன்றுக்கு ஒன்று என்பதே கணக்கு. தனியாளுக்கும் குழுவுக்கும் தரவரிசை வெளியிடப்பட்டது. தரவரிசை எங்குண்டோ அங்கு போட்டியுமுண்டு. போட்டி எங்குண்டோ அங்கு குறுக்குவழியுமுண்டு. சிலர் கணிப்பு நிரலைத் தாமே மாற்றி விரைவாக ஓடச்செய்தனர். அவர் நோக்கம் தூயதாயினும், மாற்றிய நிரல் தரும் விடை சரியோ என்பது ஐயமாயிற்று. வேறு சிலர் கணிக்காமலே விடையனுப்பவும் முயன்றனர். ஆகவே ஒரே கூறைப் பலரிடங் கொடுத்து விடைகளை ஒப்பிடுதல் இன்றியமையாததாயிற்று. ஒரே விடைத்தாளை இரு பரீட்சகர் திருத்தும் முறையை அறிந்தார்க்கு இது புதிதன்று. அங்கே இரட்டிப்பது திருத்துவோர் வேலை. இங்கே இரட்டித்தது விடையெழுதுவோர் வேலை.

இந்த அனுபவங்களினின்று பிறந்ததே பொயிங்க் என்னும் பொதுத் தளம். அதன் ஆக்கப் பணி 2002இற் பேர்க்கிளியில் அன்டர்சனால் தொடக்கப்பெற்றது. எத்திட்டமும் அதன்மேல் இயங்கலாம். தொண்டரும் ஒரே கணனியைப் பல திட்டங்களுக்குப் பங்கிடலாம். செற்றியின் பழைய முறை 2005 டிசம்பர் 15ஆம் நாள் நிறுத்தப்பட்டது. பழைய முறையில் ஈட்டிய தொகை ஒவ்வொரு தொண்டர் பெயரின் கீழும் தனி வரியாக நின்றதேயன்றிப் புதிய புள்ளியோடு கூட்டப்படவில்லை. ஆறாண்டு உழைத்தவரும் அன்று வந்தவரும் ஒருங்கே சுழியிலிருந்து தொடங்க நேர்ந்தமை பலர் மனத்தை நோகச் செய்ததில் வியப்பில்லை.

பொயிங்கில் ஒவ்வொரு வேலையும் ஒரு தவணையோடு செல்லும். அந்நாளுக்குள் விடை வராவிடின் சேவையகம் அதே வேலையின் இன்னொரு படியை வேறொருவருக்கு அனுப்பும். தொண்டனுடைய கணனியிலுள்ள நிரலும் தவணையை அறியும். வழமையாக அது, தொண்டன் வகுத்த பங்கின்படி திட்டங்களை மாறி மாறி நடத்தும். ஏதேனும் ஒரு வேலை தவணை தப்பும் என முன்னறிந்தால், தவணை முந்தியதை முதலிற் செய்யும். தன் விருப்பத்தை ஒதுக்கிவிட்டு நிரல் தானே முடிவெடுக்கின்றதே எனத் தொண்டர் முறையிட்டதுமுண்டு.

இனி, தவணை கடந்து வந்த விடையின் நிலையை நோக்குக. மூன்றாமவருக்குப் படி அனுப்பப்பட்ட பின் முதலில் வாங்கியவர் தம் விடையைக் கொண்டுவருகிறார் எனக் கொள்வோம். ஒப்பிட்டுத் தெளிந்த விடையின் கோப்பு இன்னும் சேவையகத்தில் இருக்குமாயின், தாமதித்து வந்த விடையும் அதனோடு ஒப்பிடப்படும். பொருந்தினாற் புள்ளியும் வழங்கப்படும். கோப்பு அழிக்கப்பட்டிருப்பின் ஒப்பிட வழியில்லை. அவருடைய பெயருக்கெதிரே, வேலை முடிந்தது, ஆயினும் சரிபார்க்கக் காலங் கடந்தது என்ற குறிப்பே விழும். அவருடைய விடை பிழையென்று எவரும் கூறவில்லை. சரியென்று கூறுவதற்குரிய சான்று இல்லாமற் போயிற்று என்பதே அதன் பொருள். ஒரு மணிநேரந் தாமதித்தவருக்குப் புள்ளி கிடைக்காது போகவும் ஒரு வாரந் தாமதித்தவருக்குக் கிடைக்கவும் கூடும். எல்லாம் மற்றவர் எப்போது முடித்தனர் என்பதைப் பொறுத்தது. பரீட்சை மண்டபத்து மணி யாவர்க்கும் ஒரே கணத்தில் ஒலிக்கும். இங்கோ ஒவ்வொருவர்க்கும் உண்மையான மணி வேறு வேறு கணத்தில் ஒலிக்கிறது. அதனை அவர் கேட்பதுமில்லை.

புள்ளியின் அளவை வகுத்தலும் எளிதாக இருக்கவில்லை. செற்றித் திட்டத்திற் பணியாற்றிய ஜெவ் கொப் என்பவர் பெயரைத் தழுவிப் பொயிங்கின் புள்ளிக்குக் கொபிள்ஸ்ரோன் என்று பெயரிட்டனர். செக்கனுக்கு நூறு கோடி கணிப்பு என்ற வேகத்தில் ஒரு நாள் முழுதும் உழைத்தால் 200 புள்ளி என்பது பின்னர் நிலைத்த அளவு. தொடக்கத்தில், கணனியின் வேகத்தை நிரலே சோதித்து, அவ்வேகத்தையும் உழைத்த நேரத்தையும் பெருக்கி இவ்வளவு புள்ளி எனக்குரியது எனக் கோரும். இருவர் செய்த வேலையாயின் குறைந்த கோரிக்கையே இருவருக்கும் வழங்கப்படும். மூவர் அல்லது பலராயின் மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளி எஞ்சியவற்றின் சராசரி வழங்கப்படும். நேர்மையற்றவனை மட்டுப்படுத்த இஃது ஏற்ற வழியே. எனினும் வேகச் சோதனையை மிகைப்படுத்திக் காட்டும் திருத்திய நிரல்கள் பரவியபோது சராசரியும் கெட்டது. 2006இற் செற்றி, உண்மையாக நடந்த கணிப்புக்களை எண்ணும் முறைக்கு மாறிற்று. 2010இல் மூன்றாவது முறை வந்தது. தொண்டரிடையே அதற்கெதிராக எழுந்த முறைப்பாடு நெடுங்காலம் ஓயவில்லை. திட்டந்தோறும் புள்ளி ஒரே மதிப்புடையதாதல் வேண்டும் என்பது அன்டர்சன் முதலியோரின் விருப்பம். சில திட்டங்களோ தொண்டரைத் தம்பால் இழுக்கத் தாராளமாகப் புள்ளி வழங்கின. காசுக்கு நேர்வது புள்ளிக்கும் நேர்ந்தது.

ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்தைச் சார்ந்து 2003இற் தொடங்கிய காலநிலைத் திட்டத்தில் ஒரு வேலையே பல வாரம் அல்லது பல மாதம் நீடிக்கும். முடிவில் மட்டும் புள்ளி என்றாற் பலர் இடையிலே சோர்ந்துவிடுவர். ஆகவே கணனி இடையிடையே சிறு செய்தி அனுப்பும். அச்செய்திக்கு அவ்வளவு புள்ளி. முடியாத வேலைக்கும் நடந்த அளவுக்கு மதிப்புண்டு என்பதை ஒப்புக்கொண்ட முறை இதுவாகும்.

நேர்மாறான கொள்கை ஸ்ரான்போட் பல்கலைக்கழகத்தில் 2000 ஒக்ரோபரில் விஜய் பாண்டே தொடக்கிய போல்டிங் அற் ஹோம் திட்டத்திற் காணப்படும். புரத மூலக்கூறு மடியும் விதத்தைக் கணிப்பது அது. அங்கு ஒரு வேலை முடிந்த இடத்திலிருந்தே அடுத்த வேலை பிறக்கும். ஆதலின் ஒருவர் தாமதித்தால் அவருக்குப் பின்வரும் தொடர் முழுவதும் நிற்கும். செற்றியிலே தாமதம் வட்டில் இடத்தை மட்டுமே பிடித்தது. இங்கோ ஆராய்ச்சியையே பிடித்து நிறுத்தும். ஆகையினால் இரண்டு எல்லைகள் வகுக்கப்பட்டன. முதல் எல்லை கடந்தால் வேலை இன்னொருவருக்குப் போகும்; தாமதித்தவருக்கு அடிப்படைப் புள்ளி மட்டுமே உண்டு. இரண்டாவது எல்லையுங் கடந்தாற் புள்ளியே இல்லை.

விரைந்து முடிப்பவர்க்கு மிகையூதியம் வழங்கும் முறை 2010ஆம் ஆண்டளவில் அங்கு நிலைபெற்றது. எடுத்த காலத்தால் தவணைக் காலத்தைப் பிரித்து, வேலைக்குரிய மாறிலியாற் பெருக்கி, வருவதன் வர்க்கமூலத்தைக் கண்டு, அடிப்படைப் புள்ளியை அதனாற் பெருக்குவர். ஒரு கணனி மற்றதினும் நான்கு மடங்கு விரைவானதாயின், ஒரு வேலைக்கு அதற்கு இரு மடங்கு புள்ளி. நாளொன்றில் நான்கு மடங்கு வேலை முடிக்குமாதலின் நாட்புள்ளி எட்டு மடங்கு. நூறு மடங்கு விரைவானதற்கு நாட்புள்ளி ஆயிர மடங்கு. ஆராய்ச்சியின் தேவையை இக்கணக்கு நன்கு காட்டும். பழைய கணனியை இரவும் பகலும் ஓடவிடும் ஏழைத் தொண்டனின் உள்ளத்தை இக்கணக்குக் காட்டாது. அவன் மின்கட்டணமோ விரைவான கணனிக்காரனுடையதினும் ஆயிரத்திலொன்றாகக் குறைவதில்லை. 2020 மார்ச் மாதத்திற் கொரோனாத் தொற்றின்போது அத்திட்டத்துக்கு வெள்ளமெனத் தொண்டர் வந்து குவிந்தனர். அப்போது நிலைமை தலைகீழாயிற்று. ஆயத்தமான வேலை போதாமல் விரைவான கணனிகளும் சேவையகத்தின் வாயிலிற் காத்துக்கிடந்தன.

தவணை தொண்டனை மட்டுமே கட்டுவது, அமைப்பாளரைக் கட்டுவதில்லை. இவ்வுண்மையை நினைவூட்டும் நிகழ்ச்சிகள் சில உள. மறைகுறியொன்றின் சாவியைத் தேடிய டிஸ்றிபியூட்டட் நெற் என்னும் அமைப்பின் 64 நுண்கூற்றுப் போட்டியில் 3,31,252 பேர் பங்குபற்றினர். 2002 யூலை 14ஆம் நாள் டோக்கியோ நகரிலிருந்த ஒரு சாதாரணக் கணனி சரியான சாவியை அனுப்பிவிட்டது. சேவையகத்தில் ஏற்பட்ட ஒரு கோளாறினால் ஓகஸ்ட் 12ஆம் நாள் வரை அதனை எவரும் கண்டிலர். அவ்விடைவேளையில் ஏனைத் தொண்டர் யாவரும் இல்லாத சாவியைத் தேடிக் கொண்டிருந்தனர்.

ஐன்ஸ்ரைன் அற் ஹோம் திட்டத்தில் வேறொரு நிலை எழுந்தது. 2010இல் அரெசிபோவின் பதிவிலிருந்து ஒரு புதிய துடிப்பு விண்மீன் கண்டறியப்பட்டது. ஒரே வேலையை இருவர் செய்து ஒப்பிடும் வழக்கமிருந்தமையால், கண்டவரும் இரு திறத்தாராயினர். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தைச் சேர்ந்த கிறிஸ் கொல்வின், ஹெலன் கொல்வின் தம்பதியர் ஒரு திறத்தார். ஜேர்மனியின் டானியேல் கெப்ஹாட் மற்றவர். பிழை பிடிப்பதற்காக வைத்த இரண்டாம் கணிப்பு இங்கு இரண்டாவது கண்டுபிடிப்பாளரைத் தந்தது. எத்துணைப் புள்ளி சேர்ந்தாலும் பெறமுடியாததை அவர்கள் பெற்றனர். அறிவியல் வரலாற்றில் அவர்கள் பெயர் எழுதப்பட்டது. அதே திட்டத்தில் அவர்களைப் போலவே உழைத்த ஏனையோர்க்கு வேறு வேலைக்கூறு கிடைத்தது என்பதொன்றே வேற்றுமை.

பெயருக்கும் பணத்துக்கும் நாட்களே தடையாக நின்ற நிகழ்ச்சி கிம்ப்சிலும் உண்டு. ஒரு கோடி இலக்கங்களையுடைய முதலாவது முதன்மை எண்ணுக்கு 1,00,000 டொலர் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. 2008 ஓகஸ்ட் 23ஆம் நாள் லொஸ் ஏஞ்சல்சிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகக் கணனியொன்று 1,29,78,189 இலக்க எண்ணைக் கண்டது. செப்ரெம்பர் 6ஆம் நாள் ஜேர்மனியின் ஹன்ஸ் மைக்கல் எல்வெனிக் என்பாரின் கணனி 1,11,85,272 இலக்க எண்ணைக் கண்டது. அதுவும் பரிசுக்குரிய அளவைத் தாண்டியதே. அதன் சுட்டி சிறியது. பதினான்கு நாள் முந்தியிருப்பின் பரிசு வேறிடஞ் சென்றிருக்கும்.

2009 ஏப்ரில் 12ஆம் நாள் நோர்வேயிலிருந்து வந்த முதன்மை எண்ணை யூன் 4ஆம் நாளே கிம்ப்ஸ் அமைப்பாளர் கவனித்தனர். 2015 செப்ரெம்பர் 17ஆம் நாள் கேர்ற்றிஸ் கூப்பர் என்னும் பேராசிரியரின் கணனி, அதுவரை அறியப்பட்டவற்றுட் பெரிய முதன்மை எண்ணைக் கண்டு அறிவித்தது. கண்டதை அமைப்பாளர்க்குத் தெரிவிக்கவேண்டிய மின்னஞ்சல் ஒரு வழுவினாற் செல்லவில்லை. 2016 ஜனவரி 7ஆம் நாள் வழமையான பராமரிப்பின்போதுதான் அது கண்ணிற் பட்டது. கண்டுபிடிப்பு நாள் எது என்ற வினா எழுந்தபோது, மனிதர் ஒருவர் கவனித்த நாளே கண்டுபிடிப்பு நாள் எனக் கிம்ப்ஸ் தீர்மானித்து, 1961ஆம் ஆண்டின் வழக்கொன்றை ஆதாரங் காட்டிற்று. அவ்வாண்டிலே அலெக்சாண்டர் ஹேர்விற்ஸ் என்பார் கணனி அச்சிட்ட தாள்களைப் பின்னிருந்து முன்னாகப் பார்த்தார். 4423 என்ற சுட்டிக்குரிய முதன்மை எண் முதலிற் கண்ணிற் பட்டது. சில கணம் கழித்தே, கணனி முன்னரே கண்டிருந்த 4253 என்ற சுட்டிக்குரியது கண்ணிற் பட்டது. ஆதலின், சிறியதான அந்த எண் ஒரு கணமேனும் உலகின் மிகப் பெரிய முதன்மை எண்ணாக இருந்ததில்லை எனப் பலர் கருதுவர்.